பத்து என்னும் ஒன்று

பி.எஸ்சி. கணிதம், இரண்டாம் ஆண்டு

52-லிருந்து 27-ஐக் கழிக்க வேண்டும். இந்த ஆண்டு மலரைக் கையில் எடுத்திருக்கும் எவரும் இக்கணக்கை நொடிப்பொழுதில் முடித்துவிடுவர். எவ்வாறு முடித்தீர்கள் என்று கேட்டால், தொடக்கப் பள்ளியில் கற்ற மந்திரத்தைத்தான் நம்மில் பெரும்பாலோர் ஒப்பிப்போம். "2-லிருந்து 7 போகாது. பக்கத்தில் கடன் வாங்கு. 5 நாலாகும், 2 பன்னிரண்டாகும். 12-ல் 7 போனால் 5. 4-ல் 2 போனால் 2. விடை 25." விடை சரிதான். ஆனால் மந்திரத்தின் நடுவே ஓர் அதிசயம் நடந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது 1. நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது 10. இடைவழியில் ஒன்று எப்படிப் பத்தாயிற்று?

இக்கேள்வியை நம் துறை நண்பர்கள் சிலரிடம் உணவு இடைவேளையில் கேட்டுப் பார்த்தேன். ஒருங்கும் தொடர்வரிசை ஒவ்வொன்றும் வரம்புடையது என்பதைக் கரும்பலகையில் நிறுவிக் காட்டக்கூடியவர்கள் அவர்கள். "அது விதி, அப்படித்தான் செய்ய வேண்டும்" என்பதே பெரும்பாலும் கிடைத்த விடை. ஒருவர் மட்டும், "அந்த 5 என்பது 50 அல்லவா? அதிலிருந்து வருவது 10" என்றார். அவருடைய தந்தையார் மளிகைக் கடை வைத்திருக்கிறார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நண்பர்களைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. காரணம் தெரியாமலே விடை காணும் வழியை ஏழெட்டு வயதில் கற்கிறோம். அவ்வழி பல காலம் நம்மைக் காப்பாற்றவும் செய்கிறது. ஆகவே காரணத்தைத் தேடும் தேவையே நமக்கு எழுவதில்லை. அவ்வாறு காப்பாற்றப்படாமல் போகிற பிள்ளைகளைப் பற்றித்தான் என் கவலை.

நான் ஒரு கொத்தனாரின் மகன். என் தாயார் சந்தையில் காய்கறி விற்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அதனால்தானோ என்னவோ, மாலை வேளைகளில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் நோட்டும் பென்சிலுமாக எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகின்றனர். சென்ற ஆண்டு ஒரு நாள், மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இதே போன்ற கழித்தல் கணக்கைச் செய்துகொண்டிருந்தாள். விடையும் சரியாக வந்தது. ஆனாலும் நோட்டை மூடாமல் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அண்ணா, வாங்குன கடனை எப்பண்ணா திருப்பிக் குடுக்கணும்?"

மற்றப் பிள்ளைகள் சிரித்தனர். அவள் சிரிக்கவில்லை. அவள் வீட்டில் கடன் என்பது விளையாட்டுச் சொல் அன்று. வாரந்தோறும் செவ்வாய்க்கிழமை குழுக்கடன் தவணைக்கு ஆள் வருவார். அன்று காலையிலிருந்தே வீட்டில் பேச்சு வேறு விதமாக இருக்கும். வாங்கினால் திருப்பித் தர வேண்டும், வட்டியோடு தர வேண்டும் என்பது அவள் எட்டு வயதிலேயே அறிந்துகொண்ட செய்தி. கணக்கு வகுப்பிலோ நாள்தோறும் கடன் வாங்குகிறார்கள். யாரும் திருப்பித் தருவதில்லை. யாரும் வந்து கேட்பதுமில்லை. இது என்ன கணக்கு என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றினால் அதில் வியப்பென்ன? "பேசாமல் கணக்கைப் போடு" என்பது இக்கேள்விக்கு ஒரு விடை. பல இடங்களில் கிடைக்கும் விடையும் அதுவே. அவ்விடையைக் கேட்கும் பிள்ளை இரண்டு பாடங்களைக் கற்றுக்கொள்கிறது. கணக்கில் வரும் சொற்களுக்குப் பொருள் கிடையாது என்பது ஒன்று. பொருள் தேடுவது மந்தமான பிள்ளையின் வேலை என்பது மற்றொன்று.

உண்மையில் கழித்தலில் கடனே இல்லை. இருப்பது சில்லறை மாற்றுதல்தான். நம் கையில் 5 பத்து ரூபாய்த் தாள்களும் 2 ஒரு ரூபாய் நாணயங்களும் உள்ளன. கடைக்காரருக்கு 27 ரூபாய் தர வேண்டும். 7 நாணயங்கள் நம்மிடம் இல்லை. ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கொடுத்து 10 நாணயங்களாக மாற்றிக்கொள்கிறோம். இப்போது தாள் 4, நாணயம் 12. பணம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 50-உம் 2-உமாக இருந்தது 40-உம் 12-உமாக உருமாறி நிற்கிறது, அவ்வளவே. இதை உண்மையான தாளும் நாணயமும் வைத்துச் செய்து காட்டியபோது அச்சிறுமி சொன்னாள்: "அப்ப இது சில்லறை மாத்துறதுதானே? ஏன் கடன்னு சொல்றாங்க?" நம் பாடநூலில் 'இனமாற்றம்' என்ற நல்ல சொல் இருக்கவே செய்கிறது. ஆனால் புத்தகத்தை மூடியதும் வகுப்பறையில் வாய்வழியாக வழங்குவது கடன்தான்.

ஒரு சொல்லுக்காக இவ்வளவு பேச வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். லிப்பிங் மா என்னும் சீனப் பெண்மணி இதே கழித்தலை வைத்துத்தான் தம் ஆய்வைத் தொடங்கினார். ஷாங்காய் நகரில் வளர்ந்து, பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் கிராமத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் அவர். பின்னர் அமெரிக்கா சென்று, இரு நாட்டுத் தொடக்கநிலை ஆசிரியர்களின் கணித அறிவை ஒப்பிட்டு 1999-இல் ஒரு நூல் வெளியிட்டார். 23 அமெரிக்க ஆசிரியர்களும் 72 சீன ஆசிரியர்களும் அதில் இடம்பெற்றனர். அமெரிக்க ஆசிரியர்களில் பெரும்பாலோர் 'கடன் வாங்குதல்' என்றே கழித்தலை விளக்கினர். சீன ஆசிரியர்களில் பெரும்பாலோர் 'மேல் அலகில் ஒன்றை உடைத்தல்' என்று விளக்கினர். கடன் என்றால் இரண்டு எண்கள் வேறு வேறு ஆள்கள்; ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போகிறார். உடைத்தல் என்றால் எண் ஒன்றே. அதைத்தான் உள்ளுக்குள் மாற்றி அடுக்குகிறோம். சொல்லோடு கருத்தும் மாறிவிடுகிறது என்பதை நோக்குக.

அந்நூலில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது வேறொன்று. அச்சீன ஆசிரியர்கள் பட்டதாரிகள் அல்லர். பள்ளிப் படிப்பும் ஆசிரியப் பயிற்சியும் சேர்ந்து அவர்கள் கற்றது 11 அல்லது 12 ஆண்டுகளே. அமெரிக்க ஆசிரியர்களோ பட்டம் பெற்றவர்கள். உயர் கணிதம் கற்றவருக்குத் தொடக்கக் கணிதம் தானே விளங்கிவிடும் என்பது நாம் அனைவரும் நம்பிக்கொண்டிருக்கும் ஒரு செய்தி. அது அப்படியன்று. 52-இல் உள்ள 5 என்ன என்பது, தனியே இருந்து சிந்திக்க வேண்டிய ஒரு பொருள்.

அதை எப்படிச் சிந்திப்பது? பியாஜே என்னும் சுவிட்சர்லாந்து அறிஞரிடம் பயின்ற கான்ஸ்டன்ஸ் கேமி என்ற அம்மையார் ஒரு சோதனையைக் காட்டியிருக்கிறார். அதைப் புளியங்கொட்டைகளை வைத்து யாரும் செய்து பார்க்கலாம். 16 கொட்டைகளைப் பிள்ளையின் முன் வைத்து எண்ணச் சொல்ல வேண்டும். பிள்ளை எண்ணி, தாளில் 16 என்று எழுதும். அந்த 6-ஐச் சுழித்துக் காட்டி, "இது எத்தனை கொட்டை? எடுத்துக் காட்டு" என்றால் 6 கொட்டைகளை எடுத்து வைக்கும். அடுத்து 1-ஐச் சுழித்து அதே கேள்வியைக் கேட்க வேண்டும். எங்கள் திண்ணையில் இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டேன். பலர் ஒரே ஒரு கொட்டையை எடுத்து வைத்தனர். நடுவில் 9 கொட்டைகள் கேட்பாரற்றுக் கிடந்தன. "இவை என்ன?" என்று கேட்டபோது ஒரு பையன் சற்றே யோசித்து, "அதெல்லாம் மிச்சம்" என்றான். அப்பையன் கூட்டல் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிறவன்!

மிச்சம் என்று அவன் ஒதுக்கிய அந்த ஒன்பதில்தான் இடமதிப்பு என்னும் கருத்து முழுவதும் இருக்கிறது. பத்துப் பொருள்களைச் சேர்த்து ஒரே பொருளாகக் காண்பதும், அந்த ஒன்றுக்குள் பத்து இருப்பதை மறவாமல் இருப்பதும் ஒருங்கே நிகழ வேண்டும். பத்துக் குச்சிகளைத் தன் கையாலேயே நூல் கொண்டு கட்டி, அதைக் கட்டு என்று அழைத்து, வேண்டும்போது அவிழ்த்துப் பழகிய பிள்ளைக்கு இது வசப்படுகிறது. கட்டுப் போட்ட படத்தைப் புத்தகத்தில் பார்த்த பிள்ளைக்கு எளிதில் வசப்படுவதில்லை. படத்தில் உள்ள கட்டை அவிழ்க்க முடியாதே!

இதில் தமிழ்க் குழந்தைகளுக்கு ஒரு வசதி உண்டு. நம் எண்ணுப் பெயர்கள் பத்தை மறைப்பதில்லை. பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும். இருபது என்றால் இரு பத்து. ஆங்கிலத்தில் 'லெவன்', 'ட்வெல்வ்' என்னும்போது பத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று குழந்தைக்குத் தெரியாது. இன்று ஆங்கில வழியில் எண்ணக் கற்கும் நம் பிள்ளைகள், வீட்டு மொழியில் கிடைக்கும் இவ்விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் எண்ணுகிறார்கள் என்றே சொல்வேன். தமிழில் எண்ணும் பிள்ளைக்கும் ஓர் இடத்தில் தடுமாற்றம் வரும். எண்பதுக்குப் பின் ஒன்பது பத்து வர வேண்டிய இடத்தில் தொண்ணூறு வருகிறது. நூறு வருமுன்பே நூறு காதில் விழுகிறது. அதைப் போலவே தொள்ளாயிரத்தில் ஆயிரம் கேட்கிறது. எண்பத்தொன்பதுக்குப் பின் ஒரு பிள்ளை திணறினால் அது அதன் குற்றமன்று, மொழி வைத்த படிக்கட்டு அங்கே உயரமாக இருக்கிறது. ஆசிரியர் அந்த இடத்தில் சற்றே நின்று கை கொடுக்க வேண்டும்.

இன்னொரு தவற்றைச் சொல்கிறேன். நூற்று இருபத்தைந்து என்று சொல்லி எழுதச் சொன்னால், 10025 என்று எழுதும் பிள்ளைகள் எந்தப் பள்ளியிலும் உண்டு. சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த நோட்டுக்குப் போய்விடுகிறோம். ஆனால் நம் பழைய தமிழ் எண்களைப் பாருங்கள். பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனித்தனிக் குறிகள் இருந்தன. நூற்று இருபத்தைந்தை ௱௨௰௫ என்று எழுதினர். அதாவது நூறு, இரண்டு, பத்து, ஐந்து. காதில் விழுவது அப்படியே ஏட்டில் ஏறும். 10025 என்று எழுதிய பிள்ளையும் காதில் விழுந்ததைத்தான் எழுதியிருக்கிறது. நூறு என்று கேட்டது, 100 என்று எழுதியது. இருபத்தைந்து என்று கேட்டது, 25 என்று எழுதியது. ஏட்டில் கணக்கெழுதிய நம் முன்னோர் பலர் அக்குழந்தைக்கு மதிப்பெண் போட்டிருப்பர்! பூச்சியத்தை வைத்து இடத்தாலேயே மதிப்பைக் காட்டும் முறை மனித அறிவின் பெரும் சாதனைகளுள் ஒன்று. அதை ஓர் ஏழு வயதுப் பிள்ளை ஒரே நாளில் பிடித்துக்கொள்ளவில்லை என்றால் நாம் கோபித்துக்கொள்வதில் நியாயம் இல்லை. 100, 20, 5 என மூன்று அட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வலப்புறம் ஒட்டி அடுக்கிக் காட்டினால் 125 தெரியும். அடியில் மறைந்திருக்கும் பூச்சியங்களைப் பிள்ளை தூக்கிப் பார்க்கும். என் அனுபவத்தில் இதற்குப் பத்து நிமிடம் போதும்.

எழுதும் கணக்குக்கும் வாழும் கணக்குக்கும் உள்ள இடைவெளியை இங்கே சொல்லியாக வேண்டும். என் தாயார் பள்ளிக்குச் சென்றதில்லை. கால் கிலோ 15 ரூபாய் என்றால் ஒன்றேகால் கிலோ எவ்வளவு என்று கேட்ட வாய் மூடுமுன் 75 என்பார். "எப்படிம்மா?" என்றால், "நாலு கா அறுபது, இன்னொரு கா பதினஞ்சு" என்பார். பிரேசில் நாட்டு ரெசிஃபே நகரில் இத்தகைய ஆற்றலை ஆராய்ந்து 1985-இல் மூன்று ஆய்வாளர்கள் கட்டுரை எழுதினர். தெருவில் வியாபாரம் செய்யும் 5 பிள்ளைகளிடம் வாடிக்கையாளர் போலச் சென்று விலை கேட்டபோது, நூற்றுக்கு 98 விடைகள் சரியாக இருந்தன. அதே வகைக் கணக்குகளைப் பின்னர் வாக்கியக் கணக்காகத் தந்தபோது 74. வெறும் எண்களாகத் தந்தபோது 37. தேங்காய் விற்ற ஒரு சிறுவன் 35 வீதம் 10 காய்களுக்கு விலை சொன்ன முறை இது: மூன்று காய் 105, இன்னொரு மூன்று சேர்ந்தால் 210, இன்னொரு மூன்று 315, அதோடு ஒன்று, 350. பத்தால் பெருக்கப் பூச்சியம் சேர்க்கும் விதி அவனுக்குத் தேவைப்படவில்லை. வாயால் 4 காய் 140 என்று சரியாகச் சொன்ன பிள்ளையே தாளில் 35×4 = 200 என்று எழுதியதும் அக்கட்டுரையில் உண்டு. ஐநாலு இருபது, 2 மீதி, அந்த 2-ஐ முதலிலேயே 3-உடன் கூட்டி 5, அதை நாலால் பெருக்கி 20. தெருவில் 4 தேங்காய்க்கு 200 கேட்டால் வாங்குபவர் சண்டைக்கு வருவார். தாளில் யாரும் சண்டைக்கு வருவதில்லை. அதனால் அங்கே எந்த விடையும் நிற்கும்.

பின்னங்களில் இந்த இடைவெளி இன்னும் அகலமாகிறது. என்னோடு பத்தாம் வகுப்பு வரை படித்த நண்பன் ஒருவன் கணக்குக்கு அஞ்சியே படிப்பை நிறுத்தினான். 3/8 பெரிதா, 1/2 பெரிதா என்ற கேள்விக்கு 3/8 என்று எழுதி, வகுப்பில் எழுந்து நின்றவன். 3 பெரிது, 8 பெரிது, ஆகவே பின்னமும் பெரிது என்பது அவன் நியாயம். இன்று அவன் கம்பி கட்டும் வேலை செய்கிறான். கட்டட வேலையில் ஓர் இஞ்சுக்கு எட்டு நூல். மூன்று நூல் கம்பி அரை இஞ்ச் கம்பியைவிட மெல்லியது என்பது அவனுக்குக் கையால் தடவினாலே தெரியும். அரை இஞ்ச் என்பது நாலு நூல் அல்லவா? மூன்று நூல் என்பதுதான் 3/8 என்று அன்று அவனுக்கு யாராவது சொல்லியிருந்தால் அவன் இன்று எங்கே இருந்திருப்பான் என்று சில வேளைகளில் நினைப்பதுண்டு. அவன் தந்தையாரும் என் தந்தையாரும் ஒரே சாரத்தில் நின்று வேலை செய்தவர்கள். நூல் என்ற அளவு எங்கள் இருவர் வீட்டிலும் சோற்றோடு புழங்கிய சொல்.

நம் பழைய பின்னப் பெயர்களிலும் இத்தகைய விளக்கம் பொதிந்திருக்கிறது. 1/8-க்கு நம் முன்னோர் வைத்த பெயர் அரைக்கால். அரை, கால் என்ற இரண்டையும் அருகருகே வைத்தாலே காலில் பாதி என்று பொருள் தருகிறது. பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கும் விதி ஒரே சொல்லில் அடங்கிவிட்டது. முக்கால் என்பது மூன்று கால். மா என்பது 1/20, காணி என்பது 1/80. இரண்டையும் கூட்டினால் 5/80, அதாவது 1/16. அதன் பெயர் மாகாணி! ஐந்தாம் வகுப்பில் இதை ஒரு புதிராகப் போட்டால் பிள்ளைகள் விடமாட்டார்கள் என்று உறுதியாகச் சொல்வேன். 1 3/4-ஐ 1/2-ஆல் வகுத்தல் என்ற கணக்கும் லிப்பிங் மாவின் ஆய்வில் வருகிறது. அதற்கு விடை காண முயன்ற 21 அமெரிக்க ஆசிரியர்களில் 9 பேரே முழுமையாகச் சரி செய்தனர். சீன ஆசிரியர்கள் 72 பேரும் சரியாகச் செய்தனர். தலைகீழாக்கிப் பெருக்கு என்பது விதி. ஒன்றேமுக்கால் படி அரிசியை அரைப்படியால் அளந்தால் எத்தனை முறை வரும் என்பது அதன் பொருள். மூன்று முறை நிறையும், நான்காம் முறை பாதிதான் வரும். விடை மூன்றரை. வகுத்தால் எண் குறையத்தானே வேண்டும், ஏன் கூடியது என்ற சந்தேகமும் அப்போதே தீர்ந்துவிடுகிறது.

இவ்வளவும் கேட்ட ஒரு பேராசிரியர் என்னிடம் ஒரு தடை எழுப்பினார். "வாய்பாடு தெரியாத பிள்ளைக்குப் புரிதல் எதற்கப்பா?" என்றார். அவர் கேட்டது நியாயமே. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடம் செய்தவர்கள் நெல்லையும் பொன்னையும் நிலத்தையும் மனத்தாலேயே கணக்கிட்டனர். மனப்பாடத்தை இகழ்வது இக்காலத்து நாகரிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தது தம் ஊர்க் களத்திலும் கடையிலும் நாளும் கண்ட அளவுகளை. பொருள் முன்பே கையில் இருந்தது. நம் பிள்ளை ஏழெட்டு ஐம்பத்தாறு என்று ஒப்பிக்கட்டும். அதற்கு முன் ஏழு வரிசைக்கு எட்டாகப் புளியங்கொட்டைகளை அடுக்கி, பலகையை ஒருமுறை திருப்பிப் பார்க்கட்டும். எட்டு வரிசைக்கு ஏழாகத் தெரியும். ஒரு கொட்டைகூட மாறவில்லை. எட்டேழும் ஏழெட்டும் ஒன்றே என்று கண்டுவிட்டால் வாய்பாட்டில் ஏறத்தாழப் பாதி குறைந்துவிடுகிறது. மறந்துபோனாலும் ஏழு ஏழு 49, அதோடு ஒரு 7 என்று மீட்டெடுத்துவிடலாம். மனப்பாடம் மட்டுமே உள்ளவன் மறந்தால் அவனுக்கு வேறு வழியில்லை, பக்கத்துப் பிள்ளையின் நோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் அரசும் அறிஞர்களும் அறியாமல் இல்லை. சென்னை ஆசிரியர் பி. கே. சீனிவாசன் (1924–2005) தம் வாழ்நாள் முழுவதும் பள்ளிக் குழந்தைகளுக்குக் கணிதத்தைச் செய்து பார்க்கக் கற்பித்தவர். இராமானுசன் பெயரால் இராயபுரத்தில் 1993-இல் ஓர் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் நிறுவினார். 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணிதம் பற்றி ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் சென்னையைச் சேர்ந்த பேராசிரியர் இரா. இராமானுஜம் அவர்களே. குழந்தையின் சிந்தனையையே கணிதமயமாக்க வேண்டும் என்று அக்குழு கூறியது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் சில ஆண்டுகளில் மாநிலமெங்கும் பரவியது. அட்டைகளும் மணிகளும் குச்சிகளும் வகுப்பறைக்கு வந்தன. 2022-இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. பொருள்கள் வந்தது நன்றே. ஆனால் மணிச் சட்டமும் ஒரு மந்திரமாகிவிடக்கூடும். "இந்தக் கம்பியில் ஒன்றை எடு, அந்தக் கம்பியில் பத்தைப் போடு" என்று சொல்லிக்கொடுத்தால் கடன் வாங்குதல் மரத்துக்கு மாறியதே தவிர வேறில்லை.

பொருளைவிடக் கேள்வி முக்கியம் என்பது என் கருத்து. விடை சொன்ன பிள்ளையிடம் "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்பதுதான் அக்கேள்வி. தவறான விடைக்கு மட்டும் கேட்டால் பிள்ளை அஞ்சும். கேள்வி வந்தாலே தவறு என்று அழித்துவிடும். சரியான விடைக்கும் கேட்க வேண்டும். கேட்டபின் காத்திருக்கவும் வேண்டும். எங்கள் திண்ணையில் 52 − 27-ஐ விதி சொல்லாமல் கேட்டபோது மூன்று வழிகள் வந்தன. ஒருத்தி, 27-க்கு 3 சேர்த்தால் 30, இன்னும் 22 சேர்த்தால் 52, ஆக 25 என்றாள். இன்னொருவன், 52-இல் 20 போனால் 32, அதில் 2 போனால் 30, இன்னும் 5 போனால் 25 என்றான். மூன்றாமவன் ஒரு பத்தைப் பிரித்து, அந்தப் பத்திலிருந்து 7-ஐ எடுத்தால் 3, கையிலிருக்கும் 2-ஐச் சேர்த்தால் 5, மிச்சம் 4 பத்தில் 2 பத்துப் போக 20, ஆக 25 என்றான். மூன்றையும் கேட்டுக்கொண்டிருந்த வேறொரு பையன், அதுவரை 35 என்ற தன் விடையைப் பற்றிக்கொண்டிருந்தவன், யாரும் சொல்லாமலே அதை அழித்தான். "27-ம் 30-ம் சேர்ந்தாலே 57 ஆயிடுதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இது நடக்குமா, பாடத்திட்டத்தை முடிக்க வேண்டாமா என்று கேட்கலாம். நாள்தோறும் ஒரே ஒரு கணக்கை இவ்வாறு எடுத்துக்கொண்டால் போதும் என்பேன். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் உள்ள பிள்ளைக்கு, தனிப் பயிற்சிக்குப் பணம் கட்ட முடிந்த பிள்ளைக்கு, வகுப்பில் விட்டது வேறெங்காவது கிடைத்துவிடும். எங்களைப் போன்ற வீடுகளில் அந்த நாற்பத்தைந்து நிமிடம்தான் உள்ளது. அதற்கு வெளியே ஒன்றுமில்லை. நம்மில் பலர் பி.எட். முடித்து ஆசிரியர் ஆவோம். ஆறாம் வகுப்பில்தான் பிள்ளைகள் நம்மிடம் வருவார்கள். அப்போது அவர்களிடம் 16-இல் உள்ள 1 என்ன என்று முதல் நாளே கேட்டுப் பார்ப்பது நல்லது.

கேட்டு, விடை "ஒன்று" என்று வந்தால் என்ன செய்வது? அதற்கு நான் ஒரு வழி எண்ணி வைத்திருக்கிறேன். 40 பிள்ளைகளும் ஆளுக்கு 25 ஈர்க்குச்சி கொண்டுவர வேண்டும். செலவு ஒன்றுமில்லை, வீட்டில் ஒரு விளக்குமாறு இளைக்கும். ஒவ்வொருவரும் பத்துப் பத்தாகக் கட்டினால் இரண்டு கட்டும் 5 உதிரிக் குச்சிகளும் இருக்கும். பக்கத்துப் பிள்ளையின் 5-உடன் சேர்த்தால் இன்னொரு கட்டு. வகுப்பு முழுவதும் 100 கட்டுகள். பத்துக் கட்டுகளைச் சேர்த்து ஒரு பெரிய கட்டு; அப்படிப் பத்துப் பெரிய கட்டுகள். எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கிக் கட்டினால் ஆயிரம். இரண்டு கையாலும் அணைத்துத்தான் தூக்க வேண்டும். பிறகு ஒரு பிள்ளையை அழைத்து, அந்தக் கட்டிலிருந்து ஒரே ஒரு குச்சி தா, உருவக் கூடாது, அவிழ்த்துத்தான் தர வேண்டும் என்று கேட்க வேண்டும். அவன் ஆயிரத்தின் முடிச்சை அவிழ்ப்பான். பத்து நூறுகள் சரியும். அதில் ஒன்றை அவிழ்ப்பான், பத்துப் பத்துகள். அதில் ஒன்றை அவிழ்ப்பான். ஒரு குச்சியைக் கொடுத்துவிட்டு மேசையைப் பார்த்தால் அங்கே 9 பெரிய கட்டு, 9 சிறிய கட்டு, 9 குச்சி இருக்கும்.